திரையில் இரண்டு அம்பு

அத்தியாயம் 14

சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே நான் கல்லாவுல உட்கார மாட்டேன் மாமா. வியாழக்கிழமை என் பாடம் தேறிடும். நீங்க வேற ஆள் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் கை கழுவ எழுந்து போனாள் அல்லவா? அவள் வாயால் குறித்த அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இது அச்சகக் குடும்பம். கீழே கடை, மாடியில் வீடு. அண்ணனும் தம்பியும் கீழே இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுடைய அப்பா, கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வெடுப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட ஓயாதவர். கீழே ஒரு தாள் கோணலாக வெட்டப்பட்டால் மாடியில் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவர் முதுகுக்குப் பின்னால் மருமகள்கள் வைத்திருக்கும் பெயர் ஃபோர்மேன். மூத்த மருமகள் பெரியவள், இளையவள் சின்னவள். ஓரகத்திகள் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அந்தப் பெயர்தான்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் பெரியவள் ஒரே காட்சியைப் பார்த்துப் பார்த்து வெந்துபோயிருந்தாள். வயதானவர்கள் கசங்கிய தாளோடு வந்து நிற்பார்கள். "இதைக் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடும்மா" என்பார்கள். கடை நிறைய ஆள் இருக்கும்போதே கடவுச்சொல்லை உரக்கச் சொல்வார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, கணினியைத் தொட்டே பார்க்காத முதியவர்களுக்கென்று பாடங்கள் செய்ய ஆரம்பித்தாள். நூலகத்தில் முதியோருக்கான கணினிக் கூடம் ஒன்று திறக்கப்போகிறார்கள். பாடம் தேறினால் கூடத்தின் பொறுப்பாளர் வேலையும் அவளுக்கே என்று நூலகர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் பழையபடி கல்லா, பழையபடி ஃபோர்மேனின் அதட்டல்.

பாடத்தில் குரல் மட்டும் சின்னவளுடையது. பெரியவள் சாதாரணமாகப் பேசினாலே அவள் கணவன் "இப்ப எதுக்குத் திட்டுறே?" என்று கேட்கிற ரகம். வேறு வழியில்லாமல்தான் ஓரகத்தியிடம் போய் நின்றாள். அப்படி நிற்க நேர்ந்ததற்காக இன்றுவரை அவளை மன்னிக்கவில்லை.

காலையில் இரண்டு பேரும் கிளம்பி மாடிப்படியில் இறங்கும்போது ஃபோர்மேன் தேநீர்க் கோப்பையோடு குறுக்கே நின்றார்.

"போறது போறே. திங்கக்கிழமை கல்லாவுக்கு வந்துடு. உன் இடத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சில்லறை எண்ணவே தெரியலை."

"நான் வர மாட்டேன் மாமா."

"பார்க்கலாம்."

"நீங்களே அத்தனை பாடத்தையும் ஒரு இடத்துலகூட நிக்காம முடிச்சிருக்கீங்க. உங்களுக்கே வந்துச்சுன்னா அப்புறம் யாருக்குத்தான் வராது?"

ஃபோர்மேனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் என்ன காரணத்தாலோ கோப்பையோடு உள்ளே போய்விட்டார். எப்போதும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சின்னவளும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தே இருந்தாள்.

பெரியவளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவள் மனசெல்லாம் நூலகத்தில் இருந்தது.

அவள் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் செய்து முடித்ததும் அவள் மாமனாரிடம்தான் சோதித்துப் பார்த்தாள். மாடி அறையில் இருக்கும் கணினியில் காலையிலேயே பாடத்தைப் போட்டு வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போவாள். மதியம் வந்து அவரை உட்காரவைத்துத் தான் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி அது. சோதிக்கும்போது கற்பவருக்கு உதவக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. உதவினால் பாடம் புரிந்ததா, நாம் சொன்னது புரிந்ததா என்று தெரியாமல் போய்விடும். விதி என்று வந்துவிட்டால் பெரியவளை அசைக்க முடியாது. முதல் நாள் முதல் பாடத்தில் ஃபோர்மேன் வெகு நேரம் திணறிவிட்டு, கண் வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அதே பாடத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல் முடித்தார். அதன் பிறகு எந்தப் பாடத்திலும் அவர் நிற்கவே இல்லை.

ஒரே ஒரு குறை. பாடம் தொடங்கியதும் அவர் கையில் இருக்கும் மவுஸ் கிடுகிடுவென்று ஆடும். கை நடுக்கம் என்று பெரியவள் முடிவுகட்டினாள். நடுங்கும் விரல்களுக்கு வசதியாக எல்லாப் பாடத்திலும் பொத்தான்களைப் பெரிதாக்கினாள். அதற்காக வாரக்கணக்கில் கண்விழித்தாள்.

நூலகத்தின் பின்பக்கக் கூடத்தில் எட்டுக் கணினிகள் வரிசையாக இருந்தன. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு தையல்கார அம்மா பாடப்புத்தகம் வாங்க வந்தவர்போலப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், நாற்காலியை முன்னும் பின்னும் தள்ளிச் சரியான தூரத்தில் நிறுத்திக்கொண்டார். நூலகர் வரிசைக்குப் பின்னால் கைப்பையோடு நின்றார். மெலிந்த உருவம், சிரிக்காத முகம்.

"நீங்க விளக்கம் எதுவும் சொல்ல வேணாமா?" என்று கேட்டார்.

"பாடமே சொல்லிடும் மேடம்" என்றாள் பெரியவள். அந்தப் பெருமிதத்தை என்னவென்று சொல்வது!

பாடம் ஆரம்பித்தது. எட்டுக் கணினியிலும் சின்னவளின் குரல் கனிவாக வணக்கம் சொன்னது. பயப்பட வேண்டாம், எதை அழுத்தினாலும் எதுவும் கெட்டுப்போகாது என்றது. திரையில் ஓர் அம்பு தானாக நகர்ந்து, பச்சைப் பொத்தானுக்குப் போய், அதை அழுத்திக் காட்டியது. "இப்போது நீங்கள் செய்து பாருங்கள்" என்றது குரல். செய்து காட்டிய அம்பு மறையவில்லை. மறந்துபோனால் மறுபடி பார்த்துக்கொள்ளட்டும் என்று, அது திரும்பத் திரும்பப் போய் அழுத்திக் காட்டிக்கொண்டே இருக்கும்படி பெரியவள் செய்திருந்தாள். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

கூடத்தில் யாரும் பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை.

தையல்கார அம்மா மவுஸை இந்தப் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் தள்ளினார். "என்னம்மா இது, நான் ஒரு பக்கம் தள்ளினா இது இன்னொரு பக்கம் ஓடுது?"

ஓட்டுநர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான் கையையே எடுத்துட்டேன். இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்ப யாரு ஓட்டுறது இதை?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் கெட்டுப்போகாது என்று சொன்ன பிறகும் எதையோ கெடுத்துவிட்டவர்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஆனாலும் பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் நூலகர் தணிந்த குரலில்.

"சொன்னா பாடம் தேறுச்சா இல்லையான்னு தெரியாது மேடம்."

"அதுதான் தெரிஞ்சுடுச்சே."

ஓட்டுநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "எவ்வளவோ பெரிய வண்டியெல்லாம் ஓட்டியாச்சு. இந்த எலியை ஓட்டி என்ன ஆகப்போகுது? விடுங்க." சொன்னது வேடிக்கையாகத்தான். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

அப்போதுதான் சுவர் ஓரமாக நின்றிருந்த சின்னவள் புறப்பட்டு வந்தாள். ஓட்டுநரின் தோளைத் தொட்டு, "ஒரு நிமிஷம் உட்காருங்கய்யா" என்றாள். பாடத்தில் பேசுகிற அதே குரல் நேரில் வந்து நிற்கவும் அவர் திகைத்துப்போய் உட்கார்ந்தார்.

"திரையில ரெண்டு அம்பு இருக்கு. ஒண்ணு காட்டிக்கொடுக்கிறது, இன்னொண்ணு உங்களோடது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதாலதான் குழப்பம். மவுஸை லேசா ஆட்டிப் பாருங்க. எது கூட ஆடுதோ அதுதான் உங்க அம்பு."

ஓட்டுநர் ஆட்டினார். "அட!"

"மத்ததைப் பார்க்காதீங்க. அது பாட்டுக்குப் போகட்டும்."

எட்டுப் பேரும் மவுஸைக் கிடுகிடுவென்று ஆட்டினார்கள்.

பெரியவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். எட்டுக் கைகளும் ஆடின. மாடி அறையில் ஒவ்வொரு மதியமும் அவள் பின்னால் உட்கார்ந்து பார்த்த அதே ஆட்டம். அது நடுக்கம் இல்லை. மாமனார் தன் அம்பு எது என்று தேடியிருக்கிறார். தேடச் சொல்லி யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ இப்போது தையல்கார அம்மாவின் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "பார்த்தீங்களா, வந்துடுச்சு!" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாள் செய்த சோதனை எல்லாம் பொய். அவள் கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்த காலை நேரங்களில் மேலே ஒத்திகை நடந்திருக்கிறது. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த மனிதரை வைத்துத்தான் பாடம் எளிது, யாருக்கும் வரும் என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு கூடத்தில் எல்லாம் கலகலவென்று நடந்தது. சின்னவள் எட்டுப் பேரிடமும் மாறி மாறிப் போனாள். எந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. "இங்கே ரெண்டு தடவை தட்டணும், நடுவுல மூச்சு விடாதீங்க" என்றாள். "இப்ப திரை வெள்ளையாகும், பயந்துடாதீங்க" என்றாள். வெள்ளையாயிற்று. யாரும் பயப்படவில்லை. போகும்போது ஓட்டுநர் சின்னவளைப் பார்த்துக் கைகூப்பினார். பெரியவளைக் கடந்து போனபோது தலையை மட்டும் ஆட்டினார்.

பெரியவள் வயர்களைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நூலகர் சின்னவளைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவரும் பேசுவது தெரிந்தது. கேட்கவில்லை.

பேருந்து வரும்வரை ஓரகத்திகள் இருவரும் நிறுத்தத்தின் இரண்டு முனைகளில் நின்றார்கள். ஏறிய பிறகு வேறு இருக்கை இல்லாமல் அருகருகே உட்கார வேண்டியதாயிற்று.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"அந்த வேலையை எனக்குத் தர்றேன்னாங்க."

பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"நல்லா யோசி. இத்தனை நாளா யோசிச்சுத்தானே எல்லாத்தையும் செஞ்சிருக்கே."

"பஸ்ல வேணாம் அக்கா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ஏன், நாலு பேருக்கு உன் குட்டு தெரிஞ்சா அசிங்கமா?"

"எனக்கு இல்லை, உங்களுக்கு" என்றாள் சின்னவள். எவ்வளவு இனிமையான குரல்! அதே குரலில் இவ்வளவு விஷத்தையும் வைக்க முடியும் என்பதைப் பெரியவள் அன்றுதான் கண்டாள்.

ஃபோர்மேன் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் படித்து முடித்த அதே தாள்.

"என்ன ஆச்சு?"

பெரியவள் பையை அவர் காலடியில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"மவுஸை ஏன் மாமா ஆட்டுவீங்க?"

"என்னது?"

"பாடம் போட்டதும் கை ஆடுமே, அது ஏன்? நடுக்கம்னுதானே நான் பொத்தானையெல்லாம் பெருசாக்கினேன். நடுங்கவே நடுங்காத கைக்காக எத்தனை வேலை பார்த்தேன்!"

ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. தாளை மடித்தார். மறுபடி விரித்தார். கண்கள் சின்னவளிடம் போயின.

"எல்லாம் தெரிஞ்சுடுச்சு மாமா" என்றாள் சின்னவள். "மறைச்சுப் பிரயோஜனம் இல்லை."

"காலையில இவகிட்ட கத்துக்கிட்டு மதியம் என் முன்னாடி நடிச்சிருக்கீங்க" என்றாள் பெரியவள். "நான் கவுந்து விழணும்னே செஞ்சிருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குக் குழி தோண்டியிருக்கீங்க!"

"வாயை அடக்கு!" ஃபோர்மேன் எழுந்துவிட்டார். "உன்னைக் கவுக்கணும்னா முதல் நாளே எனக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே. முடிஞ்சிருக்கும் உன் கதை. எதுக்கு நான் தினமும் காலையில உட்கார்ந்து மாரடிக்கணும்?"

"அப்ப எதுக்கு?"

"நீ பின்னாடி உட்கார்ந்திருந்தியே, அதுக்கு!"

கீழே இயந்திரம் நின்றது. மேலே நடக்கும் சத்தம் கேட்டுத்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"முதல் நாள் அந்த அம்பு என் பேச்சையே கேட்கலை. நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பார்த்தேன். கேட்கவும் கேட்டேன். இது ஏம்மா இப்படிப் போகுதுன்னேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தே. என் வீட்டுல, என் நாற்காலியில என்னை உட்காரவெச்சு வேடிக்கை பார்த்தே."

"அது விதி மாமா. உதவக் கூடாது. முன்னாடியே சொன்னேனே."

"விதியாம் விதி! நீ சிரிச்சே."

"நான் சிரிக்கவே இல்லை."

"வாயால சிரிக்கலை."

அது உண்மை என்று பெரியவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் கல்லாவில் நிற்கவைத்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கணக்குத் தெரியாதவள் என்று அவளை அதட்டிய மனிதர், ஒரு பச்சைப் பொத்தானைத் தொட முடியாமல் வியர்த்து வழிந்ததைப் பார்த்தபோது அவள் உள்ளூர எவ்வளவு குளிர்ந்துபோனாள்! விதியைக் கடைப்பிடித்தாள்தான். ஆனால் அன்று விதி அவளுக்குச் சர்க்கரையாக இருந்தது. அது இவருக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும்.

கோபம் திரும்பிய திசை சின்னவள்.

"அவர்தான் வீம்புக்குச் செஞ்சார். நீ? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே."

"எப்போ?"

"முதல் பாடத்துக்குக் குரல் கொடுத்த அன்னைக்கே சொன்னேன். அக்கா, ரெண்டு அம்பு ஒரே மாதிரி இருக்கே, குழம்ப மாட்டாங்களான்னு கேட்டேன். என்ன பதில் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிக் கொடுத்ததை மட்டும் படி, உன் கருத்தை யாரும் கேட்கலைன்னீங்க. சரின்னு அன்னைக்கோட வாயை மூடிக்கிட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு என் முதுகுல குத்தினே."

"மாமா கதவைச் சாத்திட்டு வந்து, எனக்கு மட்டும் இது வரலைன்னு அவகிட்ட சொல்லிடாதேன்னு கெஞ்சினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? நானும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

"யாரு கெஞ்சினது?" என்று ஃபோர்மேன் சீறினார். "சொல்லிக் குடுன்னேன். அவ்வளவுதான்."

"சரி மாமா, கெஞ்சலை."

"கண்ணு கலங்கினது வெளிச்சத்துனால."

"வெளிச்சத்துனாலதான்" என்றாள் சின்னவள், அவர் முகத்தைப் பார்க்காமலேயே. அவருக்கு அது கெஞ்சலைவிட மோசமாக வலித்திருக்க வேண்டும். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில், விழுந்த மரியாதையை எங்காவது எழுப்பி நிறுத்தியாக வேண்டுமே, பெரியவள் பக்கம் திரும்பினார்.

"எது எப்படியோ, உன் பாடம் தேறலை. திங்கக்கிழமை கல்லாவுக்கு வந்துடு."

பெரியவள் அவரையும் பார்த்தாள், சின்னவளையும் பார்த்தாள். பிறகு கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றாள் சின்னவள். குரல் சட்டென்று மாறியிருந்தது.

"நூலகருக்கு. ஒரு வாரம் கேட்கப்போறேன். அம்பை மாத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. காட்டிக்கொடுக்கிற அம்பைக் கை மாதிரி ஆக்கிடுவேன், சிவப்பாக்கிடுவேன், வேலை முடிஞ்சதும் மறைய வெச்சிடுவேன். வேற எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைக்கட்டும். நீயும் அங்கே இருக்கக் கூடாது, இவரும் இருக்கக் கூடாது. அப்பவும் தேறலைன்னா நானே கல்லாவுக்கு வந்துடறேன்."

"இப்ப வேணாம் அக்கா. நாளைக்குப் பண்ணுங்க."

"ஏன்?"

"அவங்க வீட்டுக்குக் கிளம்பியிருப்பாங்க."

"கிளம்பியிருந்தா எடுக்க மாட்டாங்க. எடுக்கலைன்னா வெச்சிடறேன்."

சின்னவள் கையை நீட்டித் தடுக்க வந்தாள். பெரியவள் ஒதுங்கிப் போய், வேண்டுமென்றே ஒலிபெருக்கியை அழுத்தினாள். தான் கேட்பதை இவர்கள் இரண்டு பேரும் கேட்கட்டும். தனக்குக் கெஞ்சத் தெரியாது என்று இவர்கள் நினைத்திருந்தால் அதையும் இன்று பார்த்துக்கொள்ளட்டும்.

தொலைபேசி இரண்டு முறை அடிப்பதற்குள் நூலகர் எடுத்துவிட்டார்.

"மேடம், நான்தான். பாடத்தைப் பத்தி ஒரு விஷயம். எனக்கு இன்னும் ஒரே ஒரு வாரம் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"அதெல்லாம் தாராளமா எடுத்துக்குங்க. உங்க ஓரகத்திதான் எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்களே."

"என்ன பேசினா?"

"பொறுப்பாளர் வேலைக்கு இன்னைக்கே சரின்னுட்டாங்க. கையெழுத்தும் போட்டாச்சு. ஒரே ஒரு நிபந்தனைதான் வெச்சாங்க. பாடங்களை நீங்கதான் திருத்தணும், வேற யாரும் தொடக் கூடாதுன்னு. அவங்க கூடத்துல உட்கார்ந்து யாரு எங்கே நிக்கிறாங்கன்னு பார்த்துச் சொல்லுவாங்க. நீங்க மாத்திக் குடுக்கணும். அவங்களுக்குக் கீழே உதவியாளரா வேலை பார்க்க நீங்க சம்மதிச்சுட்டதா சொன்னாங்க. நல்ல ஏற்பாடு. வீட்டுல ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துமையா இருக்கிறது ரொம்ப சந்தோஷம்."

சின்னவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். பயந்தவள்போலத் தெரியவில்லை. பந்தயத்தில் கட்டியதைக் கட்டிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள்போல இருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியதும் பொய். சம்மதித்ததாகச் சொன்னதும் பொய். ஒரே நாளில் இரண்டு பேரிடம் இரண்டு பொய்.

"ஹலோ? சம்மதம்தானே உங்களுக்கு? அவங்க சொன்னாங்களே. இல்லைன்னா சொல்லிடுங்க, நான் வெளியில வேற பாடம் வாங்கிக்கிறேன். எனக்குக் கூடம் திறந்தாகணும்."

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் சின்னவள் பொய்க்காரி என்று நூலகருக்குத் தெரிந்திருக்கும், அவள் வேலையும் அத்தோடு போயிருக்கும். பெரியவளின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. அந்த இன்பத்தை ஒரு கணம் சுவைத்தும் பார்த்தாள். அடுத்த கணம், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த ஓட்டுநரின் சுண்டிப்போன முகம் எதிரே வந்து நின்றது. அந்த அம்பைத் திருத்தாமல் விட்டால் அந்த முகத்தை அப்படி ஆக்கியது தான்தான் என்று ஆகிவிடும். திருத்த வேண்டும். வேறு யாரும் தொடாமல் தானே திருத்த வேண்டும். தன் பாடம் யாரோ ஒருவரின் அலமாரியில் தூசி படிவதையும், தான் கல்லாவில் சில்லறை எண்ணுவதையும் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"சம்மதம் மேடம்" என்றாள். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

"அதையெல்லாம் இனிமே என்கிட்ட கேட்காதீங்க. உங்க பொறுப்பாளரைக் கேளுங்க" என்று நூலகர் தொடர்பைத் துண்டித்தார்.

"திங்கக்கிழமையா?" ஃபோர்மேன் பதறிப்போனார். "ரெண்டு பேரும் அங்கே போயிட்டா கல்லாவுல யாரு உட்காருறது?"

பெரியவள் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஓரகத்தியின் எதிரில் போய் நின்றாள். இவளை ஓங்கி ஓர் அறை அறைந்தால் என்ன என்று கை பரபரத்தது. கேட்டது வேறு.

"எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒன்பதுக்கு" என்றாள் சின்னவள். "ஆனா நீங்க எட்டரைக்கே போயிடுங்க அக்கா. நான் வரும்போது கூடம் திறந்து, எட்டு மெஷினும் ஓடிக்கிட்டு இருக்கணும்."